தட்டிக்குப் பின்னால் சிம்ஹா

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா, பறவூர் யூதர் ஆலயத்தில் ஒரு சனிக்கிழமைக் காலையைக் காட்டுகிறேன். மாடி மேடையில் எலியாகு மாஸ்டர் தோல்சுருளைப் பார்த்து வேதம் படிக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் மரத்தட்டி. தட்டிக்கு அப்பால் பெண்கள். அவர்களோடு, அவருடைய வேதவகுப்பில் படிக்கும் ஏழு வயது சிம்ஹா, உதடசைத்துக் கூடவே சொல்கிறாள். ஒரு சொல்லில் மாஸ்டர் பிசகிவிடுகிறார். சிம்ஹாவைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. தப்பாகப் படித்தால் படித்ததாகாது, கேட்டவர் திருத்தியாக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். சிம்ஹா தட்டியோடு முகத்தை ஒட்டிக்கொள்கிறாள். சரியான சொல்லை உரக்கச் சொல்லிவிடுகிறாள். "மாஸ்டரையேவாடீ? மானம் போகுதே!" என்று அம்மா கிள்ளுகிறாள். கீழே சபை அண்ணாந்து பார்க்கிறது. "மாஸ்டரே, பாடம் நல்லாத்தான் நடத்தியிருக்கீர்!" என்று கிழவர் நெகேமியா சிரிக்கிறார். மாஸ்டர் திரும்பவில்லை. வரியைச் சுட்டிப் படிக்கும் வெள்ளிக்கோலைப் பின்னுக்கு நகர்த்தி, அவள் சொன்ன சொல்லை அவள் சொன்னபடியே நிறுத்திச் சொல்கிறார். காதோரம் மட்டும் சிரிப்பு மடிகிறது. உங்கள் வீட்டிலும் சின்ன வாய் சரியைச் சொல்லட்டும், பெரிய காது அதைக் கேட்கட்டும்.