பதினெட்டு வருஷ அனுபவம்

“மாப்பிள்ளைக்கு இந்த விஷயத்துல பதினெட்டு வருஷ அனுபவம். பார்த்து நடந்துக்கோடி” என்று அக்கா காதோரம் சொன்னதும் புதுப்பெண்ணுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

மாப்பிள்ளை ஒழுக்கமானவர்தான். சினிமா தியேட்டரில் ஆபரேட்டர். ஒரு புரொஜக்டரில் ரீல் முடிவதற்குள் அடுத்த புரொஜக்டரைக் கிளப்பி, இரண்டையும் தனி ஆளாகச் சமாளிக்கிறவர். இன்றும் சாயங்காலம் வேலைக்குப் போக வேண்டும் என்பதால் முதலிரவு முதல் பகலாகிவிட்டது.

அவள் கவலை வேறு. பதினெட்டு வருஷமாக எத்தனையோ கதாநாயகிகளின் முதலிரவைப் பார்த்த கண் அது. சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைக்கிற தன்னை அதற்குப் பிடிக்குமா? முதல் நாளே மட்டமாக நினைத்துவிட்டால் அப்புறம் காலமெல்லாம் அந்த முகத்தில் எப்படி விழிப்பது?

அக்கா ஒரு வாரமாகப் பயிற்சி கொடுத்திருந்தாள். “கட்டைவிரலால தரையைக் கீறு. தொட்டா சிலிர்த்துக்கோ. விளக்கை அணைக்கச் சொல்லு. எல்லாப் படத்துலயும் அப்படித்தான்.”

கதவு சாத்தியாயிற்று. ஜன்னல்களை இழுத்து மூடி விளக்கு போட்டிருந்தார்கள். அவள் மொசைக் தரையைக் கீறினாள், நகம்தான் தேய்ந்தது. அவர் விரல் பட்டதும் கணக்காகச் சிலிர்த்துக்கொண்டாள்.

“விளக்கை அணைச்சிடுங்க.”

அவர் அணைத்தார். அடுத்த நொடி விருட்டென்று அறையின் மறுகோடிக்கு ஓடி, இருட்டில் எதையோ தடவித் தேடினார்.

“எங்க போறீங்க?”

“பழக்க தோஷம்மா” என்று அசடு வழியத் திரும்பி வந்து, ஒரு முழம் தள்ளியே உட்கார்ந்தார்.

போச்சு. ஒரு வாரப் பயிற்சியும் பாழ். அவளுக்கு அழுகை முட்டியது. “நிஜமாச் சொல்லுங்க, என்னைப் பிடிக்கலையா?”

“ஐயோ, அதெல்லாம் இல்லம்மா. எனக்குத்தான் உதறுது.” அவர் வேட்டி நுனியைத் திருகினார். “படத்துல விளக்கை அணைச்சதும் எப்பவும் அந்த ரீல் முடியற நேரமா இருக்கும். நான் அடுத்த மெஷினுக்கு ஓடிருவேன். அதைக் கிளப்பிட்டு நிமிர்ந்து பார்த்தா, திரையில பொழுது விடிஞ்சு அந்தப் பொண்ணு தலையைத் துவட்டிக்கிட்டு நிக்கும்.”

அவர் மெல்ல நகர்ந்து வந்து, பக்கத்தில் யாரோ இருப்பதுபோல் குரலைத் தாழ்த்தினார்.

“நீ கீழ உக்காந்து முழுப்படமும் பார்த்தவதானே... நடுவுல என்ன காட்டுவாங்க?”