மஞ்சள் பந்தும் ஈரப் போர்வையும்

லாட்ஜ் மொட்டைமாடியில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பந்து இருந்தது. அங்கே துணி துவைத்துத் துவைத்து விரல் மூட்டெல்லாம் வீங்கிப்போன குருவம்மாவுக்கு பிசியோதெரபி டாக்டர் கொடுத்த பந்து அது. தினமும் வெந்நீரில் கையை வைத்துவிட்டு, பந்தைப் பத்துத் தடவை மெதுவாக அமுக்கணும், ஈரத்துணியை முறுக்கிப் பிழியவே கூடாது என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"இந்தப் போர்வையெல்லாம் முடிச்சிட்டு உன்கிட்டதான் வரேன்" என்று பந்திடம் சொல்லிவிட்டுப் பிழிய ஆரம்பித்தாள் குருவம்மா. முப்பது போர்வை இருந்தது.

கடைசிப் போர்வையைக் கொடியில் போட்டபோது வெயில் சாய்ந்துவிட்டது. அவள் பந்தை எடுத்தாள். விரல்கள் மடங்கவில்லை. பந்து நழுவி உருண்டு, அந்தப் போர்வைக்கு அடியில் போய் நின்றது. குனிந்து எடுக்கத் தெம்பில்லாமல் அவள் படியிறங்கிப் போனாள்.

"கோவிச்சுக்காதே" என்றது போர்வை. "உனக்குன்னு வச்சிருந்த பலத்தையும் நான்தான் வாங்கிட்டேன்."

"அதனால என்ன, நாளைக்கு அவ முதல்ல என்னைத்தான் எடுப்பா" என்றது பந்து.

போர்வை சொட்டிக்கொண்டிருந்தது. நேற்றும் பந்து இதையேதான் சொன்னது.