இறங்காத மனிதர்

“ஏன் சிஸ்டர், உங்க வீட்டுக்காரருக்குக் கால் தரையில படாதோ?”

மலைமேல் காபிக் கடை வாசலில், எல்லோர் முன்னாலும் கேப்டன் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் கையில் இரண்டு காகிதக் கோப்பைகள். ஒன்று கசங்கி, சூடான காபி விரல்களில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

கேப்டன் என்பது பட்டப்பெயர். ஆள் டைல்ஸ் வியாபாரி. ஸ்போர்ட்ஸ் கார் பைத்தியங்களை ஒரு வாட்ஸப் குரூப்பில் திரட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசையாக மலைக்கு ஓட்டிக்கொண்டு வருகிறவர். அவளுடைய கணவர், ஆடிட்டர், இன்றுதான் முதல் தடவையாகச் சேர்ந்திருந்தார்.

காலையில் பெட்ரோல் பங்கில் எல்லோரும் இறங்கிக் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஆடிட்டர் ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கித் தலையை மட்டும் ஆட்டினார். பெட்ரோல் போடச் சொன்னது அவள். முன்கண்ணாடியைத் துடைத்ததும் அவள்தான்.

போதாக்குறைக்கு, மலை வளைவுகளில் அவருடைய மஞ்சள் கார் நூல் பிடித்ததுபோல் போனது. பழைய ஆட்களே பின்தங்கிவிட்டார்கள். அந்தக் கடுப்பு வேறு.

தொப்பி போட்ட ஒரு பெண் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“இந்த ஆளோட எப்படிக்கா குப்ப கொட்டுறீங்க? காபிகூட கார்லயே கொண்டுபோய்க் குடுக்கணுமா?”

இரக்கப்பட்டுச் சொன்னதுதான். அதனாலேயே இன்னும் எரிந்தது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தக் கூட்டமே வாயடைத்துப்போகும். கேப்டனுக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாது. அது நுனிநாக்குவரை வந்துவிட்டது. ஆனால் யாரிடமும் சொல்லக் கூடாதென்று, கிளம்பும்போது கணவர் அவள் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார்.

அவர்மேலும் ஆத்திரம் வந்தது. இவர் பாட்டுக்கு அங்கே ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பேச்சு வாங்குவது யார்?

போட்டோவுக்கு எல்லோரும் கார்களுக்கு முன்னால் தோளோடு தோள் நின்றார்கள். ஆடிட்டரும் வரட்டுமே என்றார் யாரோ.

“விடுப்பா,” என்றார் கேப்டன். “உடம்பு பூரா திமிரு. நாமெல்லாம் அவருக்குத் தூசு.”

அவள் போட்டோவுக்கு நிற்கவில்லை. காபியைக் குப்பைத்தொட்டியில் வீசிவிட்டு நடந்தாள். காருக்குள் ஏறி, கதவை அறைந்து சாத்தினாள்.

“என்னாச்சு?” என்றார் அவர்.

“உங்களுக்கு உடம்பு பூரா திமிராம். அந்த ஆளு சொல்றான், எல்லாரும் பல்லக் காட்டுறாங்க.”

அவர் அவளையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தோள்கள் குலுங்க, கண்ணில் நீர் வர, நிறுத்த முடியாமல் சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டு அவர் பக்கம் குனிந்தாள். வளைவுகளில் சரிந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த அவருடைய கால்களை, வழக்கம்போல, ஒவ்வொன்றாகத் தூக்கி நேராக வைத்தாள். அவருக்கு அங்கே தொட்டாலும் தெரியாது. பிரேக், ஆக்ஸிலரேட்டர் எல்லாம் ஸ்டியரிங்கை ஒட்டி மாட்டிய கைப்பிடியில்தான்.

இரண்டே பேர் உட்காரும் இந்தக் காரில் சக்கர நாற்காலிக்கு இடம் கிடையாது. அது வீட்டு வாசலில் நிற்கிறது. திரும்பிப் போகும்வரை அவரால் இறங்க முடியாது.

தெரிந்துதான் வந்தார்.

முதுகில் அடிபட்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியது முதல் ஊர், உறவு, ஆபீஸ் எல்லோரும் அவரைப் பற்றிச் சொல்வது ஒரே வார்த்தை. பாவம்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னொரு தடவ சொல்லு. எப்படிச் சொன்னான்?”

அவளுக்குக் கோபம் கொஞ்சமும் ஆறவில்லை. ஆனாலும் சொன்னாள், கேப்டனின் குரலிலேயே.