இருநூறு டாலர்

பணம் வந்துவிட்டதா என்று பார்க்கத்தான் போனைத் தொட்டாள்.

சார்பதிவாளர் அலுவலக வராந்தா. பெயர் கூப்பிடும் வரைக்கும் பெஞ்சில் உட்காரச் சொல்லியிருந்தார் பத்திர எழுத்தர். பக்கத்தில் அண்ணன், முக்கால் மணி நேரமாகக் குனிந்த தலை நிமிராமல் இருந்தான்.

அம்மா வீட்டில் தன் பாதியை அவனுக்கு விட்டுக்கொடுக்க வந்திருந்தாள். கணவரிடம் சமயபுரம் போவதாகப் பொய்.

வேறு வழியில்லை என்றான் அண்ணன். பெங்களூர் வியாபாரம் முழுகிவிட்டது. கழுத்து வரைக்கும் கடன். அந்த வீட்டை விற்றால்தான் தலை தப்பும்.

அண்ணன் அழுதால் அவளால் தாங்க முடியாது. அது அவனுக்கும் தெரியும்.

சும்மா எழுதி வாங்க மனசு கேட்கவில்லையாம். புடவை எடுத்துக்கொள் என்று, பெஞ்சில் உட்கார்ந்தபடியே அவள் போனுக்கு இருநூறு டாலர் போட்டான். கிரிப்டோ. செயலியை ஏற்றிக் கொடுத்ததும் அவன்தான்.

“பேங்க்ல போட்டா மச்சானுக்கு மெசேஜ் போயிடும் பாப்பா. இதுன்னா ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது.”

அவளுக்கு அது பிடித்திருந்தது. பதினாறு வருடக் குடித்தனத்தில், யாருக்கும் தெரியாத பணம் என்று அவள் கையில் இருந்ததில்லை. இருநூறை ஒரு தடவை பார்த்தாள். போனை மூடினாள். திரும்பத் திறந்து பார்த்தாள்.

பணம் வந்த வரியைத் தொட்டபோது ஒரு பக்கம் விரிந்தது.

அனுப்பியவர் என்று போட்டு, எழுத்தும் எண்ணுமாக நீளமாய் ஒரு முகவரி. நீல நிறத்தில் இருந்தது. நீலத்தைத் தொட்டால் திறக்கும் என்பதை, இ-சேவை மையத்தில் நாலு வருடம் வேலை பார்த்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தொட்டாள்.

கடவுச்சொல் கேட்கவில்லை. நீ யார் என்று கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் போல, அந்த முகவரியின் கணக்கு முழுதும் விரிந்தது.

அண்ணனின் பெயர் எங்கேயும் இல்லை. இருப்பு மட்டும் இருந்தது.

ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் டாலர்.

வேறு யாருடையதோ என்றுதான் முதலில் நினைத்தாள். நினைக்க ஆசைப்பட்டாள். ஆனால் பட்டியலின் மேல்வரியில் அவளுடைய இருநூறு இருந்தது. நாலு நிமிடத்துக்கு முன் போனது.

கிட்டத்தட்ட ஒரு கோடி ரூபாய்.

விரல் தானாகக் கீழே இறங்கிற்று. ஒவ்வொரு வரியிலும் தேதி.

ஆகஸ்ட் பன்னிரண்டு, உள்ளே வந்தது பதினோராயிரம்.

அந்தத் தேதி அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. வட்டிக்காரன் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டான், தூக்கில்தான் தொங்க வேண்டும் என்று அண்ணன் போனில் கதறிய நாள். அன்றைக்குத்தான் பத்திரம் எழுதித் தருவதாக வாக்குக் கொடுத்தாள். அன்றைக்குத்தான் கணவரோடு வாய்ச்சண்டை முற்றி, சாப்பிடாமல் படுத்தாள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. அவமானமாக இருந்தது. ஏமாற்றியவன் அவன், கூசியது இவளுக்கு.

“கோமளவல்லி யாரும்மா? உள்ள வாங்க.”

எழுந்து போனாள். அண்ணன் அவளுக்கு முன்னால் போய் நின்றான்.

புகைப்படம் எடுக்கக் கேமரா. கட்டைவிரல் வைக்க ஒரு சின்னக் கருவி. அதிகாரி பத்திரத்தைப் புரட்டிக்கொண்டே, எல்லோரிடமும் கேட்கிற குரலில் கேட்டார்.

“எழுதியிருக்கறது என்னன்னு தெரியும்ல? முழுச் சம்மதத்தோடதான் விட்டுக்கொடுக்கறீங்களா?”

அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு அவளைப் பார்த்தான். கண் லேசாகக் கலங்கியிருந்தது. எப்படித்தான் வரவழைக்கிறானோ.

“இல்லைங்க” என்றாள்.

அதிகாரி இதுபோல் எத்தனையோ பார்த்திருப்பார். பத்திரத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தார்.

அண்ணன் வெளியே வந்துதான் வாயைத் திறந்தான். வீட்டில் போய்ப் பேசலாம் என்றான். சின்னப் பிள்ளை மாதிரி செய்யாதே என்றான். அம்மா மேலே சத்தியம் என்றான்.

அவள் போனை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

படித்தான். அவனுக்குப் புரிய நேரம் ஆகவில்லை.

“இனிமே யாருக்காச்சும் பிச்சை போடறதா இருந்தா, அதுக்குன்னு தனியா ஒரு முகவரி வச்சுக்க அண்ணே. இதுல எல்லாமே தெரியுது.”

இது என்னுடையது இல்லை என்று அவன் சொல்லவில்லை. தப்பு என்றும் சொல்லவில்லை. முத்திரைத்தாள் விற்கிறவரின் தகரக் கொட்டகை நிழலுக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தன் போனை எடுத்தான்.

அவள் படியிலேயே நின்றாள். நாற்பது வருட அண்ணன். போனை வைத்துவிட்டுத் திரும்புவான், ஒரு வார்த்தை சொல்வான் என்று நின்றாள். பாதியை வேண்டாம் என்று எழுதிக்கொடுக்க வந்தவளுக்கு, வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

அவன் கட்டைவிரல் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கையில் அந்தப் பக்கம் தானாக ஒருமுறை அசைந்து புதிதாயிற்று.

இருப்பு: பூஜ்யம்.

எல்லாம் எந்தப் புது முகவரிக்குப் போனது என்பதும் அடுத்த வரியிலேயே நீல நிறத்தில் இருந்தது.