பின்கதவு விளக்கு

அருளப்பனின் அம்பாசடர் டாக்சிக்கு ராஜபாளையத்தில் நான்தான் சிவப்பு எல்.இ.டி. விளக்கு வைத்துக் கொடுத்தேன். பின்கதவைத் திறந்தால் எரியும், சாத்தினால் அணையும். மில் வேலை முடிந்து, வன்னியம்பட்டிக்குச் சாலை பிரியும் விலக்கில் இருட்டில் ஏறும் அவர் மனைவி செல்லத்தாய் கேட்ட விளக்கு. ஆடி மாதம் செல்லத்தாய் இறந்துபோனார். பிறகும் அந்த விலக்கு வந்தால், கதவு மூடியிருந்தும் விளக்கு எரிந்தது. என் வயரிங்கில் குறை இல்லை.

"ஆளுக ஏற மாட்டேங்காக. கழத்திருங்கண்ணே," என்றார் அருளப்பன்.

கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வயரிங்கைச் சோதித்துப் பார்க்க அவர் வண்டியிலேயே பின்சீட்டில் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினேன்.

வன்னியம்பட்டி விலக்கில் என் சட்டைப்பை சிவந்தது.

அருளப்பன் கண்ணாடியில் பார்த்தார். வண்டியை நிறுத்தி, இறங்கிவந்து பின்கதவைத் திறந்தார்.

"செத்த தள்ளி உக்காருங்கண்ணே."

தள்ளி உட்கார்ந்தேன். அவர் கதவைச் சாத்தியதும் பையிலிருந்த விளக்கு அணைந்தது.