மங்களத்தின் கூடை

மங்களத்துக்குக் கடையிலேயே வயிற்றுவலி வந்துவிட்டது.

நவமணி அப்போதுதான் கடைக்காரர் நஜ்முதீன் பாயிடம் இரண்டு கட்டு மீஹூன் என்கிற அரிசிச் சேமியா கேட்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால், அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்த மகள் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சுருண்டிருந்தாள். அழவில்லை. ஆறு வயதுக்குள் சத்தம் போடாமல் வலி தாங்கப் பழகியிருந்தாள்.



மூத்தவன் பத்துமலையும் இப்படித்தான் சுருண்டு கிடப்பான். தோட்டத் தொழிலாளர் லயத்தில், குச்சிக் காலும் பானை வயிறுமாகக் கிடந்து, ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தான். என்ன நோய் என்று கடைசி வரை யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன பிள்ளையைத் துணியில் சுற்றித்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.

மங்களத்தின் நோய் மட்டும் பிடிபட்டது. தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்த பிறகு பார்த்த டாக்டர், கோதுமைதான் எதிரி, துளிகூட உள்ளே போகக் கூடாது, விட்டுவிட்டால் பிள்ளை தேறிவிடும் என்றார்.

அன்றோடு ரொட்டியும் பிஸ்கட்டும் தோசைக்குப் பதில் சுடுகிற சப்பாத்தியும் வீட்டைவிட்டு ஒழிந்தன. மூன்று வேளையும் சோறா என்று பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டபோது கைகொடுத்தவர் பாய்தான். கடை ஓரத்தில் அவளுக்கென்றே ஒரு மூங்கில் கூடை வைத்தார். அரிசி மீஹூன், சவ்வரிசி, அரிசி மாவு, கடலை மிட்டாய். சரக்கு போடுகிற சீன முதலாளி தவுக்கேயிடம் ஒவ்வொன்றையும் குடைந்து குடைந்து கேட்டுவிட்டுத்தான் கூடையில் சேர்ப்பார். கறுப்புக் கிச்சாப் என்கிற சோயா சாஸில்கூடக் கோதுமை உண்டு என்று கண்டுபிடித்துச் சொன்னவரும் அவரே.

மீஹூன் வந்த பிறகு மங்களம் தட்டை வழித்துத் தின்றாள். கன்னத்தில் சதை பிடித்தது. நவமணி மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்துவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கினாள்.

பிறகு ஒரு நாள், வயிறு லேசாக வலிக்கிறது என்றாள் மங்களம். அத்தோடு போகவில்லை. பழைய வலி, பழைய வயிற்றுப்போக்கு எல்லாம் வரிசையாகத் திரும்பி வந்தன. தினமும் காலையில் நவமணி மகளின் மணிக்கட்டை இரண்டு விரலால் வளைத்துப் பார்ப்பாள். விரல்கள் ஒன்றையொன்று தாண்டிக்கொண்டு போயின. பத்துமலைக்கும் அப்படித்தான் போனது.

யாரோ கள்ளத்தனமாகப் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். அடுத்த வீட்டு நாத்தனார் கருப்பம்மாளைத் தவிர வேறு யார்? அவள் வீட்டு பிஸ்கட் டின்னுக்கு மூடியே கிடையாது.

அத்தை ஒன்றும் தரவில்லை என்று மங்களம் சாமி மேல் சத்தியம் செய்தாள். நோயோடு பொய்யும் சேர்ந்துவிட்டதா என்று நவமணி முதுகில் இரண்டு வைத்தாள். இனி என் வாசலை மிதிக்காதே என்று கருப்பம்மாளையும் விரட்டிவிட்டாள்.

அப்படியும் வலி நிற்கவில்லை. இதோ, கடைக்கு வந்த இடத்திலும் பிடித்துக்கொண்டது.

"பாய், கொஞ்சம் சுடுதண்ணி குடுங்க. புள்ளைக்கு மறுபடியும் வந்திருச்சு."

பாய் பிளாஸ்கிலிருந்து ஒரு கிளாசில் ஊற்றிக் கொடுத்துவிட்டு மீஹூனைக் காகிதத்தில் சுற்றப் போனார். நவமணி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே கட்டிப் பெருங்காயம் இருந்தது.

வலி திரும்பியதிலிருந்து அது இல்லாமல் அவள் வெளியே கிளம்புவதில்லை. வயிற்றுக்கு அதைவிட வேறு என்ன மருந்து இருக்கிறது? மற்ற சாமானெல்லாம் பாய் கடையில் வாங்கினாலும் பெருங்காயத்தை மட்டும் பழைய தோட்டத்துக் கடையிலிருந்து சொல்லியனுப்பி வரவழைப்பாள். அதில்தான் வீரியம் என்று நினைப்பு. பத்துமலைக்கும் கடைசி வரை அதைத்தான் கரைத்து ஊற்றினாள். முன்பெல்லாம் மிளகளவு போடுவாள். இப்போது பயத்தில் புளியங்கொட்டை அளவுக்குக் கிள்ளிப் போடுகிறாள், காலையும் மாலையும்.

அந்தக் கிளாசைக் கண்டாலே மங்களத்துக்கு ஆகாது. வேண்டாம், வலிக்கும் என்று ஓடுவாள். மருந்தென்றால் எந்தப் பிள்ளைதான் ஓடாது? நவமணி துரத்திப் பிடித்து, மூக்கைப் பொத்தி ஊற்றிவிடுவாள்.

விரலை விட்டுக் கலக்கினாள். கட்டி கரைந்து, தண்ணீர் கஞ்சி மாதிரி வெளுத்தது. வாசனை கடை முழுக்கப் பரவியது.

பாய் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்.

"தங்கச்சி, என்னா செய்யிறீங்க! அதுல பாதி கோதும மாவுலா. மாவு போட்டுத்தானே பெருங்காயத்தக் கட்டியாக்குறாங்க."

நவமணியின் விரல் கிளாசுக்குள்ளேயே நின்றது. அந்தக் கூடைக்குள் போகிற ஒவ்வொரு பொருளையும் அவள் பாயிடம் கேட்டிருக்கிறாள். இதைக் கேட்டதில்லை. இது மருந்தாயிற்றே. மருந்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

விரல் சுடுவதுகூட உறைக்கவில்லை.

மங்களம் மூட்டையிலிருந்து மெல்ல இறங்கி வந்தாள். அம்மாவின் முகம் மாறிக் கிடப்பதைப் பார்த்து, அடிதான் விழப்போகிறது என்று நினைத்துவிட்டாள். இந்தத் தடவை அவள் ஓடவில்லை.

தன் மூக்கைத் தானே பொத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடி, வாயைத் திறந்தாள்.