கடைசித் திரை

அணையின் மதகுகளைத் திறக்கும் பழைய கணினி நிரலைச் சற்குணம் மட்டுமே இயக்கிவந்தார். அவர் இறந்துவிட்டார். திலோத்தமை அதைத் தன் புதிய நிரலுக்குள்ளிருந்தே அழைக்கும்படி எழுதியிருந்தாள். அழைக்கப்பட்ட நிரல் வேலையை முடிக்கும்வரை அழைத்த நிரல் காத்திருக்கும். மலையில் பெய்த மழையில் ஏரி நிரம்பிக்கொண்டிருந்தது. நண்பகலுக்குள் மதகு திறக்காவிட்டால் கரை உடையும்.

பொத்தானை அழுத்தினாள். பழைய நிரல் எழுந்தது. அது தன்னைவிடப் பழைய ஒன்றை எழுப்பியது, அது இன்னொன்றை.

"எத்தனையம்மா கூப்பிட்ட?" என்றார் மதகுக் காவலர் யாகூப்.

"ஒண்ணத்தாண்ணே."

கடைசித் திரை கறுப்பாக இருந்தது. அதில் பச்சை எழுத்தில் ஒரே கேள்வி: வெளியே மழை பெய்கிறதா?

யாகூப் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒவ்வொரு தடவையும் சற்குணம் எந்திரிச்சு வெளிய போவாரு. பீடி குடிக்கன்னுல்ல நெனச்சேன்."

மூன்று நிரல்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அந்தப் பதிலுக்காக அசையாமல் காத்திருந்தன. தவறான பதிலுக்கு மதகு திறக்குமா என்பது இப்போது யாருக்கும் தெரியாது. சன்னலில்லாத அந்த அறையைவிட்டுத் திலோத்தமை அணையின்மேல் ஓடிவந்தாள். வானம் பாதி வெளுத்திருந்தது. கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஒரு துளி விழுந்தது. இரண்டாவது துளிக்காக மூச்சுவிடாமல் நின்றாள்.